மூன்றாம் மாடிச் சாவி

விடுதி அறையிலிருந்து,
சுற்றுலாவின் ஒன்பதாம் நாள்.

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி மக்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை நல்லதாக எழுத இந்த நாடு எனக்கு இடம் கொடுக்கவில்லை.

ஜவுளிக்கடையில் என் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. மூன்றாம் மாடிப் பெண்கள் கழிப்பறைச் சாவியை இன்னும் காணோம், பூட்டை உடைத்துவிடலாமா என்று நாலாவது தடவையாகக் கேட்டிருக்கிறாய். கூடாது என்று நாலாவது தடவையாகச் சொல்கிறேன். பதினாலு பெண்களும் எதிர்க் கடைக்குப் போய்க் கெஞ்சுகிறார்கள், அங்கே விரட்டுகிறார்கள் என்கிறாய். கெஞ்சட்டும். அப்போதுதான் சாவியை எடுத்தவள் மேல் மற்றவர்களுக்குக் கோபம் வரும். எடுத்தவள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சட்டைத்துணிப் பிரிவில் நிற்கிறாளே, பன்னிரண்டு நிமிஷம், அவள்தான். (கழிப்பறைக்குப் போய் ஐந்து நிமிஷத்தில் திரும்ப வேண்டியவள் ஒருநாள் பன்னிரண்டு நிமிஷம் கழித்து ஆடி அசைந்து வந்ததற்காக நான் வைத்த பேர். இன்றைக்குக் கேஷியர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.) நான் கிளம்பின அன்று சாவி வாங்கும் நோட்டில் கடைசிக் கையெழுத்து அவளுடையது. "சாவிய சார் மேஜை மேலதான் வெச்சேன்" என்று சாதிக்கிறாளாம். என் மேஜை மேல் வைத்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? அந்த மேஜையில் ஒரு குண்டூசி இடம் மாறினாலும் எனக்குத் தெரியும். நான் சொன்னபடி அவளை வேலையை விட்டு நிறுத்தியது ரொம்பச் சரி. தினமும் காலையில் வந்து கடை வாசலில் நிற்கிறாள், பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நிற்பது அவளுக்குப் புதுசா? பத்து மணி நேரம் நிற்கிற வேலைதானே பார்த்தாள். நான் வந்து விசாரிக்கிற வரைக்கும் உள்ளே விடாதே. சாவி விஷயம் இதோடு போதும். இனி என் கதையைக் கேள்.

முப்பத்தைந்து வருஷம் ஒரே மாடியில் உழைத்ததற்காக முதலாளி எனக்கு மாலை போட்டு, "இவர் மாடியில் ஒரு பெண்கூட ஒரு நிமிஷத்தை வீணாக்கியது கிடையாது" என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்து, வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு இரண்டு டிக்கெட் வைத்த கவரைக் கையில் கொடுத்தாரே, நீகூட முன் வரிசையில் நின்று கை தட்டினாயே, அந்தக் கவருக்குள் என்ன இருந்தது தெரியுமா? பத்து நாள் மூத்திர அவஸ்தை இருந்தது. பெரியவன் இப்படி எழுதலாமா என்று நினைக்காதே. எனக்கு வயது அறுபது, சர்க்கரை இருக்கிறது, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை போயாக வேண்டும். இது ஒழுக்கக் குறைவா? உடம்பு கேட்கிறது, நான் என்ன செய்ய?

முதல் நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கைடு மைக்கைப் பிடித்தான். "இந்த பஸ்ல பின்னாடி ஒரு டாய்லெட் இருக்கு. ஆனா யாரும் அதை யூஸ் பண்ணக் கூடாது" என்றான். அப்புறம் எதற்கடா அது, அழகுக்கா? கேட்டேன். "அவசரத்துக்கு மட்டும் சார்" என்றான். "அவசரம்ன்னு யார் முடிவு பண்றது?" என்றேன். "நான்தான்" என்று கழுத்தில் தொங்கிய சாவியைத் தூக்கிக் காட்டினான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பஸ் நிற்குமாம். ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, எழுந்து போய்க் கேட்டேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "இப்பத்தானே போனீங்க?" என்றான். முப்பத்தெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் எப்போது போனேன், எத்தனை தடவை போனேன் என்பதை ஒரு அந்நியன் கணக்கு வைத்திருக்கிறான் என்றால் அதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு உண்டா, நீயே சொல். திரும்பி வந்து உட்கார்ந்தால் உன் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். "என்ன சிரிப்பு?" என்றேன். "ஒண்ணுமில்ல. ஏதோ ஞாபகம் வந்துச்சு" என்றாள்.

இரண்டாம் நாள் ஒரு பெரிய ரயில் நிலையம். அங்கே கழிப்பறை வாசலில் சுழலும் கம்பி ஒன்று, பக்கத்தில் ஒரு இயந்திரம். நாணயம் போட்டால்தான் கம்பி நகரும். என்னிடம் நோட்டுதான் இருக்கிறது. நோட்டைக் காட்டினால் இயந்திரம் வாங்குமா? சில்லறை மாற்ற ஓடி, மிட்டாய் ஒன்று வாங்கி, திரும்ப ஓடி வந்து உள்ளே நுழைந்தால் தண்ணீர் இல்லை. காகிதம்தான். அது தெரிந்த விஷயம் என்பதால் பையில் பாட்டில் தண்ணீர் வைத்திருந்தேன். கதவு முழங்காலோடு நின்றுவிட்டது, கீழே பாதிக் கதவைக் காணோம், போகிற வருகிற செருப்பெல்லாம் தெரிகிறது, என் செருப்பும் அவர்களுக்குத் தெரிகிறது. சரி, மானம் போனது போகட்டும் என்று உட்கார்ந்தால் இரண்டாவது நிமிஷம் விளக்கு அணைந்துவிட்டது. கும்மிருட்டு. "யாருப்பா லைட்ட அணைச்சது?" என்று நம் மொழியிலேயே கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து நம் பஸ்ஸில் வரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், "கத்தாதீங்க சார், அது ஆள் அசைஞ்சாத்தான் எரியும். கையைத் தூக்கி ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். எரிந்தது. கையை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. ஒரு கையில் பாட்டில், ஒரு கை ஆகாசத்தில், ரயிலை நிறுத்தக் கொடி காட்டுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் வாத்தியார் கையும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஏதோ வழியனுப்பு விழாவில் இருப்பது போல இருந்தது. ஒருத்தன் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று விளக்கை வைத்து நிர்ணயம் பண்ணியிருக்கிறான் பார், அவன் எப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரனாக இருப்பான்!

நாலாம் நாள் நடந்ததைக் கேட்டால் உனக்கு இன்னும் வயிறு எரியும். ஊர் நடுவில் ஒரு கோபுரம். மற்றவர்கள் எல்லாரும் ஏறப் போய்விட்டார்கள். எனக்குப் படிக்கட்டைப் பார்த்ததுமே அவசரம் வந்துவிட்டது. பொதுக் கழிப்பறை எங்கே என்று கேட்டால் எல்லாரும் எதிரே இருந்த காபிக் கடையைக் கைகாட்டுகிறார்கள். அங்கே கதவில் எண் பூட்டு. எண் எங்கே கிடைக்கும்? பில்லின் அடியில் அச்சடித்திருக்கும். பில் எப்போது கிடைக்கும்? காபி வாங்கினால் கிடைக்கும். வாங்கினேன். குடித்தேன். போனேன். வெளியே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குடித்த காபி தன் வேலையைக் காட்டியது. மறுபடி ஓடினேன். அதே பில், அதே எண், கதவு திறக்கவில்லை. கவுண்டரில் நின்றவளிடம் பில்லைக் காட்டினேன். அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். எண் மணிக்கு ஒரு தடவை மாறுமாம். இன்னொரு காபி வாங்கினால் புது எண் தருவாளாம். ஒண்ணுக்குப் போகக் காபி, காபி குடித்ததால் ஒண்ணுக்கு, அதற்கு மறுபடி காபி. செக்கு மாடுகூட இப்படிச் சுற்றாது. மூன்று காபி குடித்தேன். அன்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆறாம் நாள், நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். கழிப்பறை கட்டிடத்துக்குப் பின்னால், பூட்டியிருக்கிறது. சாவி கல்லாவில் இருக்கிறவனிடம். கேட்டேன். அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தது என்ன தெரியுமா? கார் சக்கரத்தின் மூடி! அதில் சங்கிலி போட்டு, சங்கிலியின் நுனியில் சாவி. யாரும் சாவியை மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதாம். சரி என்று வாங்கினால் விடவில்லை, ஒரு நோட்டை நீட்டினான். பேர் எழுத வேண்டும், போன நேரம் எழுத வேண்டும், வந்த நேரம் எழுத வேண்டும், கையெழுத்து. எனக்கு வந்த கோபத்தில் பேனா ஒடிந்திருக்க வேண்டும். நான் என்ன திருடனா? முப்பத்தைந்து வருஷம் ஒரு மாடியைக் கட்டி ஆண்டவன், வயது அறுபது, அத்தனை பேர் பார்க்க, சக்கர மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு, பின் சந்துக்கு நடந்து போகிறேன். திரும்பி வந்தால் அவன் நோட்டைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, விரலை விரித்து ஏழு என்று காட்டிச் சிரிக்கிறான். ஏழு நிமிஷம் ஆகிவிட்டதாம்.

உன் அக்கா எங்கே என்று பார்த்தால், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது. "சக்கர மூடி! அளவுகோல் இல்ல, சக்கர மூடி!" என்கிறாள். மூன்றாம் மாடிச் சாவியை உடைந்த அளவுகோல் துண்டில் நான் கட்டி வைத்திருக்கிறேனே, அதைச் சொல்கிறாள். அதுவும் இதுவும் ஒன்றா? அது நிர்வாகம். பெண்கள் உள்ளே போய்ப் போனை நோண்டிக்கொண்டு நின்றுவிட்டால் வியாபாரம் என்ன ஆகும்? நான் என்ன ஆசைக்கா நோட்டு வைத்தேன்? "அது வேற, இது வேற" என்றேன். "ஆமாங்க, வேறதான். இவன் ஏழுன்னு சிரிச்சுட்டு விட்டுட்டான். உங்களுக்கு ஏழு நிமிஷம்ன்னு பேர் வைக்கல" என்றாள். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பொது இடத்தில் பெண்டாட்டியோடு சண்டை போடுகிற வழக்கம் நமக்கு இல்லை.

உன் அக்காவைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தில் அவள் ஒரு தடவைகூடப் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் விடுதியில் போவாள், அப்புறம் இருட்டிய பிறகு விடுதியில்தான். கைடுகூட அவளைக் காட்டி, "மேடத்தப் பார்த்துக் கத்துக்குங்க" என்று எல்லாருக்கும் சொன்னான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உனக்கு நினைவிருக்கும், அவள் நம் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தபோதும் அப்படித்தான். அந்த ஆறு வருஷத்து நோட்டில் அவள் பேர் ஓரிடத்தில்கூடக் கிடையாது. பதினைந்து பெண்களில் சாவியே கேட்காத ஒரே பெண். அடக்கமான பெண் என்று அதைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டேன்.

ஏழாம் நாள் காலை பஸ்ஸில் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். போகணுமா என்று கேட்டேன். முதல் தடவையாக, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கைடிடம் ஓடினேன். "அடுத்த ஸ்டாப் ஒன்றரை மணி நேரம் சார்" என்றான். பின்னால் இருக்கிறதே, அதைத் திற என்றேன். தயங்கினான். நான் நடுவில் நின்றுகொண்டு கத்தினேன் மாப்ளே, என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியது இல்லை. "ஒரு பொம்பள ஒண்ணுக்குப் போகறதுக்கு இன்னொருத்தன் உத்தரவு குடுக்கணுமா? அந்தச் சாவிய உன் கழுத்துல மாட்டினது யாருடா? உனக்கு உடம்பு இல்ல? உனக்கு அம்மா இல்ல?" பஸ்ஸே கை தட்டியது. வாத்தியார் எழுந்து நின்றே தட்டினார். கைடு கழுத்துச் சாவியைக் கழற்றித் திறந்தான். உள்ளே பார்த்தால் தரையிலிருந்து கூரை வரைக்கும் தண்ணீர்ப் பாட்டில் அட்டைப்பெட்டி. எங்களிடம் விற்கிற தண்ணீரை நாங்கள் போக வேண்டிய இடத்தில் அடுக்கி வைத்திருக்கிறான்! குடிக்கவும் வைத்து, போகவும் விடாமல் தொழில் பண்ணுகிற மூளையைப் பார்த்தாயா. வாத்தியாரும் நானுமாக அத்தனை பெட்டியையும் நடைவழியில் தூக்கிப் போட்டோம். கை தட்டாமல் இருந்தது உன் அக்கா ஒருத்திதான். முடியாதவள், பாவம்.

அடுத்த ஊரில் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். சிறுநீர்த் தொற்றாம், சிறுநீரகத்தில் பழைய கல்லும் இருக்கிறதாம். கைடுதான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான். "எத்தனை நாளா அடக்கறீங்கன்னு கேக்கறாங்க மேடம்" என்றான். உன் அக்கா நிதானமாக, "முப்பத்திநாலு வருஷமா" என்றாள். அவன் மொழிபெயர்க்காமல் முழித்தான். "சும்மா சொல்லுப்பா" என்றாள். சொன்னான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, போக விடாமல் தடுத்தது யார் என்று கேட்டாள். உன் அக்கா என்னைப் பார்த்தாள். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நானே, "டூர் கம்பெனி" என்று பதில் சொல்லிவிட்டேன். இப்போது மாத்திரையில் காய்ச்சல் இறங்கிவிட்டது, நேற்றிலிருந்து எழுந்து நடமாடுகிறாள். நீ கவலைப்படாதே.

ஆனால் நான் விடப்போவதில்லை. ஊர் வந்ததும் முதல் வேலை, அந்த டூர் கம்பெனி மேல் புகார். ஒரு மனுஷியை வேளைக்குப் போக விடாமல், பூட்டி வைத்து, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நேரம் பார்த்து, கேலி பேசி, அவள் உடம்பைக் கெடுத்தவன் எவனாக இருந்தாலும் அவனைச் சும்மா விடக் கூடாது. அவன் முப்பத்தைந்து வருஷம் தொழில் பண்ணினவனாக இருந்தாலும் சரி, மாலை போட்டுக்கொண்டவனாக இருந்தாலும் சரி. இதை அப்படியே ஒரு வரி விடாமல் டைப் அடித்து வை, நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நன்றாகப் படித்து, நினைத்த நேரத்தில் எழுந்து போகிற உத்தியோகத்துக்குப் போகட்டும். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். மூன்றாம் மாடியைக் கண் போலப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
மூன்றாம் மாடி சூப்பர்வைசர்.

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துவிட்டு மாத்திரை தேடினேன். பெட்டியின் அடியில் என் கடைப் பை. அதற்குள், கிளம்பின அன்று அவசரத்தில் மேஜை மேல் இருந்ததையெல்லாம் வாரிப் போட்டதில், மூக்குக்கண்ணாடிக் கூடு, இரண்டு பேனா, மாத்திரை டப்பா, அளவுகோல் துண்டு. அதன் நுனியில் சாவி. ஆகவே பன்னிரண்டு நிமிஷத்தை இனி விசாரிக்க வேண்டாம். ஆனால் இதை யாரிடமும் சொல்லாதே. சாவி சூப்பர்வைசரிடமே இருந்தது என்று தெரிந்தால் மாடியில் ஒழுங்கு என்ன ஆகும்? துணி அடுக்குக்குப் பின்னால் கிடந்தது என்று நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். அவளை உடனே கூப்பிட்டாலும் சந்தேகம் வரும், ஒரு மாதம் போகட்டும். பூட்டை உடைக்காதே, நல்ல பூட்டு. இன்னும் இரண்டு நாளில் வந்துவிடுவேன், அதுவரைக்கும் பெண்களைச் சமாளித்துக்கொள்ளச் சொல். நான் போனில் படம் எடுத்தால் என் கட்டைவிரல்தான் விழுகிறது என்பதால் உன் அக்காவிடம்தான் இந்தத் தாள்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படிக்காமல் எடு என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதைக் கேட்காதவள் இல்லை.

தம்பி, அக்கா எழுதறேன். படிச்சேன். பூட்டை இன்னிக்கே உடைச்சிரு. அவர் வரட்டும்ன்னு காத்திருக்காதே, அவர் வந்தாலும் சாவி வராது. அளவுகோல் துண்டிலேர்ந்து கழட்டி இங்கேயே டாய்லெட்ல போட்டுத் தண்ணிய விட்டேன். முதல் தடவ போகல. மூணாவது தடவ போயிடுச்சு. உள்ளே ஒரு தாழ்ப்பாள் மட்டும் வெச்சாப் போதும், வெளியே ஒண்ணும் வேண்டாம். நாளைக்குக் காலைல அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நிப்பா. கடையில எல்லார் எதிர்லயும் அவ பேரைச் சொல்லி உள்ளே கூப்பிடு. அவ நிஜப் பேரை. சாவி யார் பையில இருந்துச்சுன்னு நீயே சொல்லிடு, இல்லேன்னா இந்தத் தாளை முதலாளிக்கும் அனுப்ப எனக்குப் படம் எடுக்கத் தெரியும். இதை நான் பாத்ரூமுக்குள்ள உட்கார்ந்துதான் எழுதறேன். உங்க மாமாவுக்கு அவசரமாம், வெளியே நின்னு கதவத் தட்டிட்டிருக்கார். இப்ப ஒன்பது நிமிஷம் ஆச்சு. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு.